தடைக்காலம்

ஏப்ரல் பதினைந்தில்
முதுநகர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் நின்றது.
முதல் நாள் முழுக்கக்
கத்தித்தான் பேசினோம்,
பழக்கதோஷம்.

மூன்றாம் நாள்
பில் மேசைக்குள் ஏதோ பூச்சி
மரத்தை அரிப்பது கேட்டது.
எத்தனை வருஷமாய் அரிக்கிறதோ.

பார் உடைக்கும் கலியவரதன்
எதைச் சொன்னாலும் "என்னா?" என்பவர்.
டீயை வைத்துவிட்டு
பில் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார்.
"இதென்ன, பாக்கிக் கணக்கா?"
"கவிதைண்ணே."
"படி."

உரக்கப் படித்தேன்.
"மெதுவா."

உப்பனாற்றில் கட்டிக் கிடந்த விசைப்படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டன,
நடுவே டயர்கள் முனகின.
வேறெதையோ யோசிக்கிறார் என்றிருந்தேன்.
மகளுக்கு ஜூனில் காலேஜ் ஃபீஸ்.

டம்ளர் காலியான பிறகு சொன்னார்:
"கடைசி வரி வேணாம்.
அதுக்கு முன்னாடியே கேட்டுடுச்சி."

பென்சில் எழுத்துதான், அழித்தேன்.
உப்பு காய்ந்த தரைபோல
வெளிறிக் கிடந்தது அந்த இடம்.

தடை முடிந்துவிட்டது.
விடியற்காலை மூன்று மணி,
கிரஷர் அலறுகிறது,
வண்டிக்காரர்கள் விரலைக் காட்டி
எத்தனை பார் என்கிறார்கள்.
நடுநடுவே புத்தகத்தைத் திருப்பி
அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன்.