முகத்துக்குத் தடைக்காலம்

சாலைத்தெரு மாடியில் டாக்டர் ஜமிலா
என் கன்னத்தை விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தார்.
ஊசி குத்தியதுபோல் சில குழி, அலைபோல் சில.
வகை பிரிப்பது
பாசிக்கு மட்டும்தான் என்றிருந்தேன்.

ஆழமானதில் அமிலம் தொட்டு வைப்பாராம்.
அகலமானதற்கு அடியில் ஊசி விட்டு
உள்ளே இழுத்துப் பிடிக்கிற நாரை அறுப்பாராம்.
மிச்சத்துக்கு லேசர்,
கட்டாதென்றால் நுண்ணூசி, நாலு தடவை.
"முழுசாப் போகாதும்மா. பாதி குறையும்."
எந்தப் பாதி என்று கேட்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம்
வெயில் ஆகாது, உப்புத்தண்ணி ஆகாது."
சிரித்துவிட்டேன்.
விரலில் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி
தீவோரம் மூழ்குகிறவளிடம் போய்.

பாம்பன் பஸ்ஸில் ஜன்னலோரம் கணக்கு.
வருஷத்தில் நாற்பத்தைந்து நாள்
பாசியைத் தொடுவதில்லை,
தூர் விட்டு வளரட்டுமென்று.
அப்போது சீட்டும் விழும்.
இந்த வருஷம் இரண்டு ஊசி,
அடுத்த தடைக்கு இரண்டு.
வெயில் களிம்பு ஐந்நூற்றுப்பத்து,
அதுதான் இடிக்கிறது.

இறங்கியதும் சந்தனக்கிளி,
"என்னடி சொன்னாக?"
"மூஞ்சிக்குத் தடைக்காலம்."
கொஞ்சநேரம் கன்னத்தையே பார்த்தாள்.
"அதுக்கு நிவாரணம் உண்டா?"