சப்பாத்து

படத்தில் இருந்தது கரண்டி.
பத்து நாளாய் வெறும் காற்று வந்த வாயால்
"லொஃபெல்" என்றார்.

ஹெதர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
தமிழா?
இல்லை. ஆங்கிலமும் இல்லை.
நான் காணாத ஆறு வருசம் அது:
ஸ்டுட்கார்ட்டில் கோப்பை கழுவின காலம்.
கேட்டால் "குளிர்" என்று
ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

இடப்பக்கம் ஒரு துண்டு செத்துவிட்டது,
சுற்றியிருக்கிறவை வேலையைப் பங்குபோடப் பார்க்கும்,
வலப்பக்கமும் கொஞ்சம் தோள் கொடுக்கும்,
எந்தப் பாசை முதலில் திரும்பும் என்று
சொல்லேலாது என்றாள்.
யன்னலுக்கு வெளியே எல்ஸ்மியர் வீதி
அப்படியே மூடிக் கிடக்க
பனி வழிக்கிற வண்டி
பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பியது.

எண்ணச் சொன்னால் பதினேழு வரை ஓடுகிறார்.
ஏழை மட்டும் கேட்டால் முழிக்கிறார்.
தூஷணம் சுத்தமாய் வருகிறது;
நேர்ஸுக்கு விளங்காதது நல்லகாலம்.

நேற்று "ஊர்சுலா" என்றார்.
மூன்று தரம்.
முப்பத்தொரு வருசம் கூட இருந்தவளின் பேர்
இன்னும் எங்கேயோ வரிசையில் நிற்கிறது.

ஆரப்பா அது?

கோபம் வந்து, கண் கலங்கி,
இடக்கையால் தன் காலைத் தட்டினார், தட்டினார்,
"ச... சப்..."
எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று ஹெதர் சொல்லியிருந்தாள்.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
"சப்பாத்து."

தானே தேடி எடுத்த முதல் தமிழ்ச் சொல்.
ஆரோ ஒரு ஊர்சுலா, ஏதோ ஒரு மாரி,
இவர் காலுக்கு ஒரு சோடி.
அவ்வளவுதான் விளங்கினது.
மிச்சம் வரட்டும்.
என்ர பேர் அதுக்குப் பிறகு வந்தாலும் சரி.

சூப் ஆறுகிறது.
லொஃபெலை எடுத்தேன்.