மிச்ச விகுதிகள்

ஜாலான் டூத்தா. மூன்றாம் மாடி.
குளிர்சாதனக் காற்று என் தோளில் மட்டும் விழுகிறது.
சாட்சிக் கூண்டில், செந்தூல் பசாரில் மீன் விற்கும் தனபாக்கியம்
ஒரே ஒரு சொல் சொல்கிறாள்:
அடிச்சான்.

கேட்டதுமே பிரித்துவிடுகிறது காது, பழக்கதோஷம்.
அடி. அதன் முதுகில் முடிந்துபோன ஒரு ராத்திரி.
அதற்கும் பின்னால் ஒருவன், ஆண்,
இனி அவனுக்கு 'ர்' கிடையாது என்ற தீர்மானம்.
"டியா சூடா புக்குல்" என்கிறேன் நீதிபதியிடம்.
டியாவுக்கு மீசையும் இல்லை, கொலுசும் இல்லை.
கும்பிட வராது, காறித் துப்பவும் வராது.
தட்டச்சுக்காரி பதிந்துகொள்கிறாள்.
'ஆன்' மட்டும் என் மேல்வாயில்
மிட்டாய்த் தாள்போல ஒட்டிக்கிடக்கிறது.

இப்படி மிஞ்சுவதையெல்லாம் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.
கிளறினால் கிடைக்கும்: நாலைந்து ஏகாரம்,
"வந்து தொலைஞ்சாரு"வில் பெயர்க்க வராத தொலை,
"வந்தானாம்" என்பதிலிருந்து கழன்ற ஓர் ஆம்,
செவிவழிச் செய்தி என்று வழக்கறிஞர் ஆட்சேபித்தது.

குறுக்கு விசாரணை.
குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் இளையவன் ரூபநாதன்,
பத்தொன்பது வயது, அன்றைக்குக் கதவோரம் நின்றிருந்தவன்.
"பார்த்துக்கொள்வோம் என்றது யாரைச் சேர்த்து?
கீத்தாவா, காமியா?"
(கீத்தாவைக் கொஞ்சம் குறுக்கினால்
எங்களுக்கு அது ரப்பர் மரம். யாரும் சிரிக்கவில்லை.)

நான் தமிழில் கேட்கிறேன்:
நாம பாத்துக்குவோம்னானா,
நாங்க பாத்துக்குவோம்னானா?
தனபாக்கியம் கண்ணை மூடிக்கொள்கிறாள்.
நாம என்றால் பையனும் உள்ளே.
நாங்க என்றால் அவன் வாசலோடு சரி.
ரூபநாதனின் அம்மா பின்வரிசையில்
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருக்கிறாள்.

"நாங்க."

காமி, என்கிறேன்.
இரண்டு மொழியும் ஒரே இடத்தில் கோடு கிழிக்கின்றன.
இன்று எதுவும் மிஞ்சவில்லை, சில்லறைகூட.

செமந்தானில் ரயில் ஏறும்போது
ஜொகூரிலிருந்து கலைவண்ணன் அழைக்கிறார்.
பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதாம்.
போனில் சார்ஜ் இல்லையாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறாராம்.
"தீபாவளிக்கு நாங்க இங்கயே இருக்கோம்."

சரி என்கிறேன்.
எழுவாய், இடம், பயனிலை.
பிழை காட்ட ஒன்றுமில்லாத வாக்கியம்.

கம்பியைப் பிடித்தபடி முணுமுணுத்துப் பார்க்கிறேன்.
நாம.
மேலுதடு கீழுதட்டைத் தொட்டுவிட்டுத்தான் விடுகிறது.
நாங்க.
ஒலி தொண்டைப் பக்கமே நின்றுகொள்கிறது,
உதடுகளுக்கு வேலையே இல்லை.

மறுபடியும்.
எதிரே, நாசி லெமாக் பொட்டலத்தை
மடியில் வைத்திருக்கும் சீனச் சிறுவன்
என் வாயையே பார்க்கிறான்.
தன் உதடுகளை ஒருமுறை ஒட்டி, எடுக்கிறான்.
அடுத்த நிலையம் முசியம் நெகாரா என்கிறது ஒலிபெருக்கி,
யாரையும் சேர்க்காமல், யாரையும் விடாமல்.