அழிப்புப் பிரிவு, யூனியன் பிளேஸ்

வாசலிலேயே வாங்கிவிடுவார்கள்
போனை, பேனையை, கைப்பையை.
துண்டுக் கடதாசிகூட மேசைக்கு வரக்கூடாது.
ஐரோப்பாக்காரரின் ஒப்பந்தம் அப்படி.
பிழைத்தால் தண்டம்,
உலக விற்பனையில் நூற்றுக்கு நான்குவரை போகும் என்று
மனேஜர் துஷார சொல்லும்போது
அவருக்கு வேர்க்கும்,
ஏசி பதினெட்டில் ஓடினாலும்.

என் வேலை மறப்பது.
ஒரு மாதத்துக்குள்.

இன்று ப்ரெமன் நகரிலிருந்து ஹைக்கே லூடர்ஸ்:
என்னைப் பற்றி உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் அழியுங்கள்.
தயவுசெய்து என்று இல்லை.
உரிமை உள்ளவர்கள்
கெஞ்சுவதில்லைப் போலும்.

அழிக்க முதல்
அவள்தானா என்று பார்க்க வேண்டும்.
பார்க்க முதல் திறக்க வேண்டும்.
திறந்தால் பதினொரு வருடம்.
முப்பத்தெட்டாம் அளவுச் சப்பாத்துகள்,
ஒவ்வொரு மார்கழியும்
நாற்பத்துநான்கில் ஆண் சோடி ஒன்று,
ஒரு மார்கழி இல்லை.
பிறகு எந்த மார்கழியும் இல்லை.
வீதி மாறியிருக்கிறது, மாடி ஏறியிருக்கிறது.
கொண்டுவருபவருக்குக் குறிப்பு:
மணி அடிக்காதீர்கள், நாய் பயப்படும்.

மறக்கச் சொன்னாள்.
அதற்காகவே
அவளை ஒருத்தி முழுதாக வாசித்தேன்.

நிச்சயமா என்று கேட்டது திரை.
நிச்சயமா என்று மறுபடியும் கேட்டது.
போனாள்.
மிஞ்சியது ஒற்றை வரி:
கோரிக்கை இலக்கம், திகதி, அழிக்கப்பட்டது,
செய்தவர் வ. சுகிர்தமலர்.
மறந்ததற்குச் சாட்சியை
மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் இங்கே.
அவள் பெயர் இருந்த இடத்தில்
இப்போது என் பெயர்.

இரவு ஒன்பதரை, வெள்ளவத்தை.
பாமசியில் ஒரு கார்ட் பனடோல்.
"நம்பரைச் சொல்லுங்கோ, பொயின்ற்ஸ் சேரும்."
சொன்னேன்,
பின்னால் நின்ற ஏழு பேருக்கும் கேட்க.
வீதி கடக்குமுன்னே போன் துடித்தது:
அன்பான வாடிக்கையாளரே,
மாலபேயில் பத்துப் பேர்ச் காணி.

தொடர்மாடி வாசலில் காவலாளியின் கொப்பி.
விருந்தினர் பெயர், அடையாள அட்டை, எத்தனையாம் வீடு.
நூலில் கட்டிய பேனை.
யாரும் புரட்டலாம்,
மழை நாளில் மழையும் புரட்டும்.

அலுமாரியில் அம்மா இன்னும் வைத்திருக்கிறா
பொலிஸ் முத்திரை குத்திய படிவமொன்று.
இரவு தங்குவோர் நாலு பேர்.
எங்கிருந்து வந்தீர்கள்.
என்ன காரணம்.
எப்போது திரும்புவீர்கள்.
எங்கள் பிரதி இது.
மற்றப் பிரதி எந்த றாக்கையில் கிடக்கிறதோ.
அழிக்கச் சொல்லி யாருக்கு எழுதுவது?
எழுதினால்
எத்தனை மாதம்?

சந்தியில் வாங்கிய கடலையைக்
கட்டிலில் இருந்து தின்கிறேன்.
சுருளைப் பிரித்தால் விண்ணப்பப் படிவம்,
த்ரீவீலர் லீசிங்.
ஏ. ஜே. பைறூஸ், தெமட்டகொட.
மாத வருமானம். மனைவியின் நகை, பவுண் மூன்றரை.
அடையாள அட்டை இலக்கத்தில்
கடைசி மூன்றை
தேங்காயெண்ணெய் குடித்துவிட்டது.

போன் நம்பர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.
அந்த மூலையைக் கிழித்துத்
தண்ணீரில் போட்டேன்.
பைறூஸ் கேட்கவில்லை.
எங்கும் பதியவும் இல்லை.
விரலில் மிளகாய்த்தூள்,
கண்ணைத் தொடாமல் படுக்க வேண்டும்.