கடைமடை

முதலில் அது சேறு.
நாற்றுப் பறித்துக் கரையேறி
வாய்க்காலில் தேய்த்துக் கழுவினேன், போகவில்லை.
பிறகு முள் ஏறிய கறை.
பிறகு ஆணி.
கலியபெருமாள் பிளேடால் சீவிவிட்டார்.
இரண்டு நாள் ரத்தம் கசிந்தது,
மூன்றாம் நாள் நடவு.

உள்ளங்காலில் மச்சமிருந்தால்
ஊர் ஊராய்ப் போவாய் என்றாள் வளையல்காரி.
சிரித்தோம்.
தலைஞாயிறு தாண்டினால் எனக்குத்
திருத்துறைப்பூண்டிச் சந்தை, அவ்வளவுதான் உலகம்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் நஸ்ரின், சின்னப் பெண்,
தரையில் குந்தி என் காலைத்
தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டது.
கூசிப்போய் இழுத்தேன், விடவில்லை.
எப்போதிருந்து என்றது.
தேதி யாருக்குத் தெரியும்.
மேட்டூர் திறக்காமல் குறுவை போன வருஷம் உளுந்தளவு,
போன சம்பாவில் புளியங்கொட்டை.

"வரப்பு கலைஞ்சிருக்கு பாருங்க.
இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் சாம்பல்."

வெயிலா டாக்டர் என்றேன்.
முப்பது வருஷமாய் வெயிலில் வளைந்த முதுகுக்கு
ஒன்றுமில்லை,
வெயிலே பார்க்காத ஒரே இடத்தில் போய்…
"நம்ம நிறத்துக்கு அது அங்கதான் வரும்.
உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி."

பக்கத்துக் கட்டிலில் உப்பளத்துக்காரர்.
பழைய தீக்காயத் தழும்பின்மேல் ஆறாத புண்.
அதுவும் தோல் புற்றுதான்,
ஆனால் வேறு சாதி என்றார் நர்ஸ்.
இதிலுமா என்றார் அவர்.
வார்டே சிரித்தது.

தென்னையில் தேள் கொட்டினால்
பனையில் நெறி கட்டுமா என்று
எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேன்.
கட்டும்.
தொடையிடுக்கில், நெல்லிக்காய் அளவு.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் வர
மதகு மதகாய்க் கெஞ்ச வேண்டும்.
இது கடைமடையில் பிறந்து
தலைமடை நோக்கி எதிர்த்து ஏறியிருக்கிறது,
எந்த லஸ்கரையும் கேட்காமல்.

குதிகாலில் வெட்டியெடுத்துத்
தொடைத்தோலை ஒட்டினார்கள்.
இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை
மருந்தேற்றப் புதுச்சேரி.
சன்னல் சீட்டில் ஊர் ஊராய்ப் போகிறேன்,
வளையல்காரி வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

இன்று பெரிய வயலில் நடவு.
ஒற்றைச் செருப்போடு வரப்பில் உட்கார்ந்து
காலைக் காட்டுங்கடி என்றேன்.
வேலையைக் கெடுக்காதே என்றார்கள்,
கரையேறியபின் காட்டினார்கள்.
ஒவ்வொன்றாய் மடியில் வைத்துக் கழுவுகிறேன்.
தையல்நாயகி குதிகாலில் ஒரு கறுப்பு.
நகத்தால் சுரண்டினேன்.
இன்னொரு செம்பு ஊற்றினேன்.
போனது.

அடுத்த கால்.