பதினான்காம் வரிசை

ட்ரோன்ஹெய்மில் ஒலியியல் கற்பிக்கிறேன்,
இருபத்தாறு வருடமாக.
சுவரில் மோதிய சத்தம் திரும்பிவர
எவ்வளவு நேரம் ஆகும் என்பது என் சோறு.

டிசம்பர் முதல் வாரம் மதிப்பீடு வந்தது:
ஐந்துக்கு இரண்டு புள்ளி நான்கு.
எண்பத்தொரு பேரில் பதினாறு பேர் எழுதியிருந்தார்கள்.
பதினாறு போதாது, மாதிரி சிறியது,
சராசரி செல்லாது என்று
பல் துலக்கும்போது கண்ணாடிக்கு வகுப்பெடுத்தேன்.
மதிப்பெண் போட்டே பழகிய கை.
மதிப்பு வேறு எண் வேறு என்று
பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

"கேள்வி கேட்கிறார். பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார்."
"நல்ல ஸ்வெட்டர்." ஐந்து நட்சத்திரம்.
"கரும்பலகையோடு அவருக்கு ஏதோ சொந்தப் பேச்சு இருக்கிறது."
பிறகு இது:
"ஒலியியல் ஆசிரியர் பேசுவது
பதினான்காம் வரிசைக்குக் கேட்பதில்லை.
வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக்
காற்றுக்குழாய் தின்றுவிடுகிறது."

காப்பி அறையில் தூர்ஃபின் சொன்னான்:
"நான் இதையெல்லாம் படிப்பதே இல்லை."
பிறகு தன்னைப் பற்றிய மூன்றை
ஒரு கமா பிசகாமல் ஒப்பித்தான்.
குட்வெய்க் தனக்கு வந்த ஒற்றை நட்சத்திரத்தை
அச்செடுத்து வீட்டுக் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.
விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்களாம்.
சொல்லும்போது
கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நானோ ஆளைத் தேடினேன், முகம் முகமாக.
சிவப்புத் தொப்பிப் பையன்தான்.
அக்டோபர் தேர்வில் கோட்டைவிட்டவன்.
வன்மம், வேறென்ன.
மறுநாள் அவன்
பனியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
நான் உள்ளே போகும்வரை.

சனிக்கிழமை. கட்டடத்தில் யாருமில்லை.
எழுதியது பொய் என்று நிரூபிக்க
டெசிபல் மானியோடு போனேன்.
மேடையில் ஒலிபெருக்கி,
அதில் பதிவான என் விரிவுரை,
அன்று பேசிய அதே அளவில்.
பதினான்காம் வரிசையின் மடக்கு இருக்கை சில்லென்றிருந்தது.
தலைக்கு மேலே குழாய்,
வயிறு நிறைந்த விலங்கைப் போல.

கீழே ஒரு பெண் பேசத் தொடங்கினாள்.
ஐம்பத்தெட்டு. நல்ல குரல்தான்.
ஐம்பத்தொன்று.
நாற்பத்தாறு.
நாற்பத்திரண்டு.
அதற்குக் கீழே எண் இறங்கவில்லை.
அது குழாயின் எண், என்னுடையது அல்ல.

"இந்தச் சூத்திரம் இங்கே பொருந்த"
பொருந்தும்? பொருந்தாது?
திரும்ப ஓடவிட்டேன்.
"இந்தச் சூத்திரம் இங்கே பொருந்த"
சொன்னவள் நான்.
எனக்கே தெரியவில்லை.

பொருந்துமா பொருந்தாதா என்று அறியாமல்
இருபத்தாறு வருடத்துப் பிள்ளைகள்
எங்கெங்கோ அரங்குகள் கட்டிக்கொண்டிருப்பார்கள்.
மானியை அணைத்தேன்.
ஒலிபெருக்கியை அணைக்க மறந்து
படிக்கட்டுவரை போய்த் திரும்பி வந்தேன்.
அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு ஆய்வறிக்கைகள்.
"தெளிவில்லை" என்று சிவப்பில்
ஒன்பது பேருக்கு ஏற்கெனவே எழுதியிருந்தேன்.
அவ்வளவுதான், ஒற்றைச் சொல்.
இங்வில்லின் தாளை எடுத்தேன்.
எங்கே தெளிவில்லை?
நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி,
அளவுக்கு அலகு விடுபட்டிருக்கிறது. எழுதினேன்.
அடுத்த தாளில் தேடித் தேடிப் பார்த்தேன்.
ஒன்றும் கிடைக்கவில்லை.
அன்றைக்கு நான் களைத்திருந்தேன் போல.
என் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன்.

ஜனவரியிலிருந்து குரலை உயர்த்திப் பேசுகிறேன்.
ஜூனில் ஒருவர் எழுதினார்:
"ஏன் இப்படிக் கத்துகிறார்?"
மூன்றாம் வரிசையாக இருக்கும்.
குழாயைப் பற்றிப் பராமரிப்புத் துறைக்குக்
கடிதம் போட்டு ஆறு மாதம் ஆகிறது.
கடைசி வரியைச் சத்தமாகவே எழுதியிருந்தேன்.
பதிலைக் காணோம்.