மிகையில் கரையும்

ஈசூன் பள்ளியில் செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது.
கழுவ இன்னும் எண்பது குழாய்.
ரோஸ்னா பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

காலையில் நான்தான் கலக்கி வைத்தேன்:
ஒரு புட்டியில் துத்தநாக உப்பு,
மற்றதில் அலுமினியம்.
பார்வைக்கு இரண்டும் குழாய்த் தண்ணீர்.

அம்மோனியா மூன்று சொட்டு விட்டால்
இரண்டிலும் ஒரே வெண்மை,
ஆறிய கஞ்சிபோல.
பாதிப் பிள்ளைகள் பயந்து
அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தக் கூடாது.
இன்னும் விட வேண்டும், மூக்கு எரிய எரிய.
அப்போதுதான் துத்தநாகம் இளகும்,
கலங்கிய சுவடே இல்லாமல்.
அலுமினியம் அசையாது.

ஏழாம் மேசையில் யாரோ விட்டுப்போன குழாய்,
அடியில் வெள்ளை.
எந்தப் புட்டியிலிருந்து எடுத்தது,
எழுதி ஒட்டவில்லை.

இளமாறா,
அப்பாவின் உட்லண்ட்ஸ் வீட்டை விற்பதுபற்றி
ஞாயிறன்று மூன்று வரி அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
அதற்குப் பிறகு நான்கு நாள்
நீயும் இல்லை, நானும் இல்லை.

சொட்டியை எடுக்கிறேன்.
நான்கு, ஐந்து, பத்து.
குழாயைக் குலுக்கி
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு,
ஈரக் கையுறையைப் பல்லால் உருவி
நான்காவது வரியைத் தட்டுகிறேன்.

நீ எந்த உப்போ.